வட்டாரச் சமூகத் தளங்களின் நிலையாமை

2024-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 3-ஆம் நாள், பெங்களூரிலிருந்து நடைபெற்று வந்த ‘கூ’ என்னும் சமூக வலைத்தளம் மூடப்படுவதாக அதன் நிறுவனர்கள் அறிவித்தனர். கன்னடத்தில் தொடங்கித் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளுக்கு விரிந்த தளம் அது. இந்நாட்டினர் தத்தம் தாய்மொழியிலேயே கருத்தறிவிக்க வேண்டும் என்பது அதன் குறிக்கோளாகச் சொல்லப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்குச் சற்றே மிகுந்த காலத்துள் அது தோன்றி, வளர்ந்து, மறைந்தது. நாளேடுகள் இதனை வணிகச் செய்தியாக வெளியிட்டு அமைந்தன. தமிழாராய்வார்க்கோ இதன்கண் வேறொரு வினா உளது. மொழியையே அடித்தளமாகக் கொண்டு எழுந்த பொதுவவை ஒன்று, அம்மொழிகளைப் பேசுவோர் கோடிக்கணக்கில் இருந்தும் நிலைபெறாது போனமைக்குக் காரணம் யாது?

இவ்வினா வணிகவியலார்க்கே உரியது என ஒதுக்குதல் பொருந்தாது. இந்நூற்றாண்டில் தமிழர் எழுதியவற்றுள் ஒரு பெரும்பகுதி இத்தகைய தளங்களிலேயே எழுதப்பட்டுள்ளது. கவிதையும், வசையும், ஊர்ச்செய்தியும், இரங்கலும், நூல் மதிப்புரையும் அவற்றுள் அடங்கும். தளம் மறையும்போது எழுத்தும் உடன் மறைகின்றது. ஆதலின் அத்தளங்கள் ஏன் மறைகின்றன என அறிதல், நம் துறைக்குரிய சான்றுகள் ஏன் அழிகின்றன என அறிதலே ஆகும்.

முதற்கண் ‘வட்டாரம்’ என்னும் சொல்லைத் தெளிவு செய்துகொள்ளல் வேண்டும். தொழில்நுட்ப நிறுவனங்கள் ‘வட்டார மொழி’ என்று கூறும்போது ஆங்கிலம் ஒழிந்த இந்திய மொழிகளையே பெரும்பாலும் சுட்டுகின்றன. அந்நோக்கில் தமிழ் முழுவதும் ஒரே வட்டாரம். கோவையும் குமரியும் தஞ்சையும் தொண்டைநாடும் அதனுள் வேறுபாடின்றி அடங்கிவிடும். தமிழ்த் திறனாய்வில் இச்சொல்லின் பொருள் இத்துணை விரிந்ததன்று. ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) கொங்கு வட்டார நாவல் எனப்படுகின்றது, கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) கரிசல் வட்டாரத்தது எனப்படுகின்றது. ஒரு மொழிக்குள்ளேயே நிலத்தாலும் தொழிலாலும் வழக்காலும் வேறுபட்டு நிற்கும் சிறு பகுதியையே நாம் வட்டாரம் என்கிறோம்.

வட்டார நாவலை மதிப்பிடுமிடத்துத் திறனாய்வாளர் எப்போதும் கண்டிக்கும் குறை ஒன்றுண்டு. உரையாடலில் நாலைந்து கொச்சைச் சொற்களைப் பெய்துவிட்டால் வட்டாரத்தன்மை வந்துவிடும் என எண்ணுதலே அது. மழை பொய்த்தலும் கிணறு வற்றுதலும் பங்காளிப் பூசலும் கதையின் போக்கையே நடத்திச் செல்லும்போதுதான் அக்கதை அந்நிலத்துக்கு உரியதாகின்றது. தொல்காப்பியர் முதல், கரு, உரி எனப் பொருளை மூன்றாக வகுத்த நெறியிற் கூறின், கருப்பொருளை அடுக்கி வைத்து உரிப்பொருளை மறத்தலே அக்குறையாகும். வட்டாரச் சமூகத் தளங்களுக்கும் இவ்வளவுகோலைப் பொருத்திப் பார்த்தலே இக்கட்டுரையின் முயற்சி.

‘கூ’ தளத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். அப்ரமேயா ராதாகிருஷ்ணா, மயங்க் பிடவத்கா என்னும் இருவர் அதனை 2020-இல் வெளியிட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் இந்திய அரசு நடத்திய தற்சார்புச் செயலிப் போட்டியில் அது பரிசு பெற்றது. 2021 பிப்ரவரியில், உழவர் போராட்டம் தொடர்பான கணக்குகளை முடக்குதல் பற்றி இந்திய அரசுக்கும் டுவிட்டர் நிறுவனத்துக்கும் பூசல் மூண்டபோது, நடுவண் அமைச்சர் சிலர் ‘கூ’வுக்குச் சென்று, பிறரையும் அங்கு வருமாறு அழைத்தனர். அவ்வாண்டு சூனில் நைசீரிய அரசு டுவிட்டரைத் தடை செய்து ‘கூ’வில் கணக்குத் தொடங்கவே, தளத்தின் பெயர் ஆப்பிரிக்காவிலும் பரவியது. உச்சநிலையில் நாள்தோறும் 21 இலட்சம் பேரும், திங்கள்தோறும் ஏறத்தாழ ஒரு கோடிப் பேரும் தம் தளத்தைப் பயன்படுத்தியதாக நிறுவனர்கள் தம் இறுதி அறிக்கையில் குறித்தனர்.

இவ்வரலாற்றில் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. தளத்துக்குக் கூட்டம் சேர்ந்த ஒவ்வொரு முறையும் அதற்குக் காரணம் வேறோரிடத்து நிகழ்ந்த பூசலே. டுவிட்டரின்மேற் கொண்ட சினத்தால் வந்தவர் பலர். சினம் ஆறியதும் அவர்கட்கு அங்கு வேலையில்லை. தலைவர்களும் நடிகர்களும் பழைய இடத்தையும் விடவில்லை. அங்கு எழுதியதையே இங்கும் எழுதினர். ஒரே செய்தி இரண்டிடத்துக் கிடைக்குமாயின், படிப்பவன் கூட்டம் மிகுந்த இடத்துக்கே செல்வான்.

இனி அதன் வடிவத்தை நோக்குவோம். குறுஞ்செய்தி, பின்தொடர்தல், மறுபகிர்வு, பறவைச் சின்னம் ஆகிய யாவும் டுவிட்டரை ஒட்டியே அமைந்தன. நீலப் பறவை மஞ்சட் பறவையாயிற்று. மொழிதோறும் தனித்தனி ஓடை அமைத்தது உண்மையிலேயே நல்ல எண்ணம். ஆயினும் தமிழுக்கென ஒரு வடிவம் அங்கு எண்ணப்பட்டதாகத் தோன்றவில்லை. எண்ணுதற்கு இடமில்லாமலும் இல்லை. சான்றாக ஒன்று கூறலாம்: ‘தமிழ்’ என்பது நம் இலக்கணப்படி மூன்றெழுத்து, கணிப்பொறியின் ஒருங்குறிக் கணக்கிலோ ஐந்து. குறுஞ்செய்திக்கு எழுத்தளவு விதிக்கும் தளம் எந்த எழுத்தை எண்ணுகின்றது? குறள் வெண்பாவை உலகுக்கு அளித்த மொழியில் குறுகிய யாப்பொன்றைப் புதிதாக வகுக்க விழைவோர் முதலிற் கேட்கவேண்டிய வினா இது. (இதனைக் கேட்டிருந்தால் தளம் பிழைத்திருக்கும் என்று யாம் கூறவில்லை. கேளாமை அதன் மனப்பான்மையைக் காட்டுகின்றது என்பதே கருத்து.)

ஆக, எழுத்து தமிழாக இருந்தது. உரிப்பொருள் கடனாக இருந்தது. இது முதற் காரணம். எனினும் இஃது ஒன்றே போதிய விளக்கம் ஆகாது. கடன் வாங்கிய வடிவத்தில் நன்கு வாழ்ந்த இலக்கியங்களும் உள. நாவலே நமக்கு அவ்வாறு வந்ததுதான். வேறொரு காரணம் மக்களின் உறவமைப்பில் உளது. அதனைக் காண உத்திரமேரூர்ப் பகுதியிலுள்ள காவாந்தண்டலம் போன்றதொரு சிற்றூருக்குச் செல்லுதல் வேண்டும்.

அவ்வூரில் ஒரு குடும்பத்தைக் கருத்திற் கொள்வோம். தந்தை பயிர்த்தொழில் செய்கிறார். மூத்த மகன் ஒரகடத்துத் தொழிற்சாலையொன்றில் பணிபுரிகிறான். அவனுடன் பணிபுரிவோருள் ஒடிசா, பீகார் முதலிய மாநிலத்தவரும் உளர். மகள் சென்னையிற் பயில்கிறாள். தாயின் தம்பி சிங்கப்பூரில் இருக்கிறார். இக்குடும்பத்தார் நாள்தோறும் பேசவேண்டியவர் யாவர்? ஏரியில் எத்துணை நீர் உளது என்று தந்தைக்குச் சொல்லும் அண்டை நிலத்தார், நெல் கொள்முதல் நிலையத்தில் எப்போது எடை போடுவர் என அறிந்தவர், மகனின் மேற்பார்வையாளர், மகளின் வகுப்புத் தோழியர், சிங்கப்பூர் மாமன். இவருள் ஒருவர் தமிழ் அறியார். ஒருவர் கடல் கடந்தவர். ஒருவர் அடுத்த வயலினர். இவரனைவரையும் ஒரு தளத்துக்குக் கொணர்தல் சிறு நிறுவனத்தால் இயலுவதன்று. நால்வர் இருந்து ஐந்தாமவர் இல்லையெனின், அந்த ஐந்தாமவரின் பொருட்டு அனைவரும் வேறோரிடத்துக்குப் போவர்.

இதனை எண்ணாலும் விளக்கலாம். பத்துப் பேர் கூடிய அவையில் இருவர் இருவராகப் பேசுதற்குரிய இணைகள் 45. நூறு பேர் கூடின் 4,950. ஆயிரம் பேர் கூடின் 4,99,500. ஆள் பத்து மடங்கு பெருகத் தொடர்பு நூறு மடங்களவு பெருகுகின்றது. வீழ்ச்சியிலும் இவ்விதியே செல்லும்: பாதிப்பேர் விலகினால் தொடர்புகளுள் நான்கில் மூன்று பங்கு விலகிவிடும். சிறு தளங்கள் மெல்ல மெல்லத் தேயாமல் திடீரெனச் சரிவதன் காரணம் இதுவே.

ஈண்டு ஒரு தடை எழலாம். சிறுமையே குறையாயின், சிற்றிதழ்கள் எங்ஙனம் நம் இலக்கியத்தை வளர்த்தன? சி. சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய ‘எழுத்து’ 1970 வரை நடந்தது; அதன் படிகள் இரண்டாயிரத்துக்கு மேற்படா என்று அவரே வரையறுத்துக்கொண்டார். புதுக்கவிதையின் வரலாற்றை அவ்விதழை விலக்கி எழுத இயலாது. எனின், சிறிய இதழ் பயன்பட்டதுபோலச் சிறிய தளம் ஏன் பயன்படவில்லை? வேறுபாடு இதுதான். படிப்பவன் தனியனாக இருப்பினும் இதழ் அவனுக்குப் பயன்படும். அடுத்த வீட்டுக்காரன் ‘எழுத்து’ வாங்குகிறானா என்பதைப் பொறுத்து அதிலுள்ள கவிதையின் சுவை கூடுவதுமில்லை; குறைவதுமில்லை. சமூகத் தளமோ உறவினாலாயது. உறுப்பினன் தனித்து விடப்பட்டால் அவன் கையில் இருப்பது வெறுங்கூடு. மேலும், ‘எழுத்து’ நின்ற பின்னும் அதன் 119 இதழ்கள் நின்றன. அவற்றை இன்றும் நூலகத்திற் காணலாம். நின்றுபோன தளம் எதனையும் விட்டுச் செல்வதில்லை. சிற்றிதழைக் காட்டிச் சிறு தளத்துக்கு ஆறுதல் கூறுவோர் இவ்விரண்டு வேறுபாடுகளையும் கருதுவதில்லை.

இன்னொரு தடையும் உண்டு: ‘மொழி ஒரு மதிலாக நின்று சிறு தளத்தைக் காவாதா?’ என்பது. இதற்கு அங்கேரியின் வரலாறு விடையளிக்கின்றது. அங்கேரிய மொழி அண்டை நாட்டு மொழிகளோடு இனத்தொடர்பற்றது. அந்நாட்டு மக்கள் ஏறத்தாழ ஒரு கோடி. அங்கு 2002-இல் தோன்றிய ‘ஐவிவ்’ என்னும் தளத்தில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். பெரிய தொலைபேசி நிறுவனமொன்று 2006-இல் அதனை விலைக்கு வாங்கியது. முகநூல் அங்கேரிய மொழியில் வந்ததும் அத்தளம் தளரலாயிற்று. 2014 சூன் 30-இல் மூடப்பட்டது. பெரிய தளம் சிறிய மொழியைக் கற்றுக்கொள்ளச் சில திங்கள் போதும். அதுவும் பயனர்களையே மொழிபெயர்க்கச் செய்து கற்றுக்கொள்கின்றது. முகநூல் தமிழுக்கு வந்த முறையும் இதுவே. தன் மொழியைப் பேசத் தெரிந்த அயலானிடம் மொழி மதிலாக நிற்பதில்லை.

இதற்கு மாறான சான்று லாத்வியாவிற் கிடைக்கின்றது. இருபது இலட்சம் மக்களே வாழும் அந்நாட்டில் 2004-இல் தோன்றிய ‘திராவுகியெம்’ என்னும் தளம், முகநூல் பரவிய பின்னரும் பல்லாண்டு செல்வாக்குடன் விளங்கியது. ‘நண்பர்களுக்கு’ என்பது அப்பெயரின் பொருள். அதனை நடத்திய குழுமம் தளத்தின் வருவாயை மட்டும் நம்பி இருக்கவில்லை. 2013-இல் தொடங்கிய அச்சுப் பணி நிறுவனம் முதலாகப் பிற தொழில்களிலும் ஈட்டியது. தளம் குழுமத்தின் ஒரு கை. உயிர் அதனிடம் மட்டும் இல்லை. வள்ளல் பேணிய புலவர் நிலைக்கு இதனை ஒப்பிடலாம். அந்நிலை நம் இலக்கியத்துக்குப் புதியதன்று.

மீண்டும் காவாந்தண்டலத்துக்கு வருவோம். அத்தகைய ஊர்களில் வட்டார அவை இல்லையா என்றால், உண்டு. வாட்ஸப் குழுக்களில் உண்டு. தெருவுக்கொரு குழு, கோயில் திருவிழாவுக்கொரு குழு, பள்ளியில் உடன் பயின்றோர்க்கொரு குழு எனத் தமிழ்நாட்டுச் சிற்றூர் எங்கும் இதனைக் காணலாம். 2022 இறுதியில் ஒரு குழுவுக்கு 1,024 பேர் வரை சேர இடமளித்தனர். ஒரு சிற்றூரின் வீட்டுக்கொருவர் சேர்தற்கு இது பெரும்பாலும் போதும். அங்குப் பலர் எழுதுவதும் இல்லை, குரற்செய்தி விடுக்கின்றனர். தட்டச்சு அறியாத முதியவளும் தன் பேச்சிலேயே பேசுகிறாள். தொண்டைநாட்டு வழக்கு, எழுத்துத் தமிழின் கட்டுக்கு ஆட்படாமல், அங்கு முழு உரிமையுடன் ஒலிக்கின்றது. எந்த ‘வட்டார மொழிச் செயலி’யும் தராத வட்டாரத்தன்மை இது.

இதுவே இப்பொருளில் தலைமையான உண்மை என்பது எம் கருத்து. சிறு தளங்கள் தம்மைவிடப் பெரிய தளத்திடம் தோற்றன என்று பொதுவாகக் கூறுவர். நுணுகி நோக்கின், பெரிய தளத்தின் உள்ளே அமைந்த சிற்றறையிடமே அவை தோற்றன. ஊர்க்குழுவில் அண்டை வயலினரும் உளர். ஒரு விரல் அசைவில் சிங்கப்பூர் மாமனும் உளர். சிறுமையின் நெருக்கமும் பெருமையின் பரப்பும் ஒரே கருவியிற் கிடைக்கும்போது, சிறுமையை மட்டும் தரும் தளத்துக்கு எவரும் தனியே வாரார். ஆயினும் அவ்வறையின் சுவர் ஊராருடையதன்று. கலிபோர்னியாவில் உள்ள மெட்டா நிறுவனம் விதியை மாற்றினால் ஊர்க்குழுவின் விதியும் மாறும். குடியிருப்போர்க்குப் பட்டா இல்லாத மனை அது.

பட்டா என்றவுடன் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் நினைவுக்கு வருதல் இயல்பு. காவாந்தண்டலத்தார் அன்றாடம் சென்று வரும் அந்நகரில், வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தகனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், பொறிக்கப்பட்ட குடவோலை விதிகள் உள்ளன. அவற்றைப் பழம்பெருமைக்குச் சான்றாகக் காட்டும் வழக்கம் மேடைகளில் மிகுதி. மக்களாட்சியின் தொட்டில் என்று கூறி முடித்துவிடுவர். அவ்வவை நிலமும் வேதக் கல்வியும் உடைய பிரமதேயத்தாரின் அவை என்பதையும், உழுகுடிகளும் பெண்டிரும் அதனுட் புகவில்லை என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. எம் நோக்கம் வேறு. ஓர் அவை நிலைத்து நடத்தற்கு எவையெவை வேண்டும் என அறிதற்கு அவ்விதிகள் சிறந்த சான்று.

முதலாவது, அவ்வவைக்கு வேலை இருந்தது. ஏரி வாரியம் ஏரியைப் பேணியது. தோட்ட வாரியம், பொன் வாரியம், பஞ்சவார வாரியம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பணி இருந்தது. பேசுவதற்காகக் கூடிய அவையன்று அது. ஏரி உடையாமற் காத்தற்குக் கூடிப் பேசிய அவை. இரண்டாவது, கணக்கு. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் குடத்தில் ஓலையிடத் தகுதியற்றவர். மூன்றாவது, மாற்றம். 919-இல் முப்பது முதல் அறுபது என இருந்த அகவை வரம்பு 921-இல் முப்பத்தைந்து முதல் எழுபது என ஆயிற்று. இரண்டே ஆண்டில் தன் விதியின் குறையைக் கண்டு அவையே திருத்திக்கொண்டது. திருத்தத்தையும் எல்லாரும் காணக் கல்லில் வெட்டியது.

இம்மூன்றையும் கொண்டு இக்காலத் தளங்களை நோக்குக. ‘கூ’வின் உறுப்பினர்க்குக் கூடிச் செய்யும் வேலை ஒன்றுமில்லை. தளத்தின் வரவும் செலவும் முதலீட்டாளர்க்குத் தெரியும், எழுதுவோர்க்குத் தெரியாது. தளம் இளைத்து வருவதை அவர்கள் மூடுநாளுக்கு முன் செய்தித்தாள் வாயிலாகவே அறிந்தனர். நிறுவனர்கள் பெரிய இணைய நிறுவனங்களோடும் ஊடகக் குழுமங்களோடும் பேசிப் பார்த்தனர், பயன் விளையவில்லை, தொழில்நுட்பச் செலவைத் தாங்க இயலாமல் மூடினர். எழுதி வந்த இலட்சக்கணக்கானோரை அழைத்து, ‘இதனைக் காக்க நீவிர் என் செய்வீர்?’ என எவரும் வினவியதாகத் தெரியவில்லை. வினவியிருப்பினும் விடை கிடைத்திருக்குமா என்பது ஐயமே. ஏரி இல்லாத ஊரில் ஏரி வாரியத்துக்கு எவர் ஓலையிடுவார்?

விளம்பர வருவாயைப் பற்றி மிக விரித்துரைக்க வேண்டுவதில்லை. விளம்பரம் தருவோர் கூட்டத்தை நாடுவர். அதிலும் பொருள் வாங்கும் ஆற்றலுடைய கூட்டத்தை நாடுவர். சிற்றூர்ப் பயனரின் கவனத்துக்கு அவர்கள் தரும் விலை குறைவு. படங்களையும் காணொளிகளையும் சேமித்து வைக்கும் செலவோ ஊருக்கு ஊர் குறைவதில்லை. 2015-இல் தொடங்கிய ‘சேர்சாட்’ பன்மொழித் தளமாக இன்றும் நடைபெறுகின்றது. அதற்கு வந்த முதலீட்டின் அளவை நோக்கின் அதனைச் சிறு தளம் என்று கூறுதல் இயலாது. ‘ஹலோ’ என்னும் தளம் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பரவிச் சிறந்திருந்தது. சீன நிறுவனத்துக்கு உரியதாகலின் 2020 சூன் 29-இல் தடை செய்யப்பட்ட 59 செயலிகளுள் ஒன்றாய் மறைந்தது. அங்கு எழுதி வந்தோர் அப்பூசலுக்கு எவ்வகையிலும் காரணர் அல்லர்.

சோகோ நிறுவனம் 2021 சனவரியில் வெளியிட்ட ‘அரட்டை’ பற்றி ஒரு சொல். 2025 செப்டம்பர் இறுதியில், நாளொன்றுக்கு 3,000 ஆக இருந்த புதிய சேர்க்கை மூன்று நாளில் 3,50,000 ஆக உயர்ந்ததென அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். அதற்கும் அரசினர் விடுத்த தற்சார்பு அழைப்பே தூண்டுதல் என்பது ‘கூ’வின் கதையை நினைவூட்டுகின்றது. ஆனால் இரண்டு வேறுபாடுகள் உள. சோகோவுக்கு வேறு மென்பொருள்களால் நிலைத்த வருவாய் உண்டு. லாத்விய நாட்டு முறையை இது ஒத்தது. மற்று, இஃது உறவினர் பேசும் கருவியாகலின், குடும்பம் குடும்பமாகப் பெயர்ந்து வந்தாலன்றிப் பயனில்லை. அதன் பெயர் பற்றியும் கூறத் தோன்றுகின்றது. பயனற்ற பேச்சைக் குறிக்கும் சொல்லைப் பேச்சுக்கருவிக்குப் பெயராக இட்ட துணிவு பாராட்டத்தக்கது. பெரும்பாலும் அங்கு நிகழ்வது அதுவே ஆகலின்.

இதுகாறும் மறைந்தவற்றையே பேசினோம். நிலைத்த சிறு தளம் தமிழில் இல்லையா? உண்டு. 1990-களின் இறுதியில் ஈழத்தமிழர் தொடங்கிய ‘யாழ் இணையம்’ கால் நூற்றாண்டைக் கடந்து நிற்கின்றது. அதற்குப் பின் தோன்றிய ஆர்க்குட் 2004 முதல் 2014 வரை வாழ்ந்து மறைந்தது. கூகுள் பிளஸ் 2019-இல் மறைந்தது. இவை இரண்டும் உலகிலேயே பெருஞ்செல்வம் உடைய நிறுவனங்களுள் ஒன்றால் நடத்தப்பட்டவை. யாழ் களம் ஏன் நின்றது? அதற்கு உரிப்பொருள் இருந்தது. பாலைக்குரிய பிரிதலும் பிரிதல் நிமித்தமுமே அது. போரால் நாடு நீங்கி, கனடாவிலும் சுவிட்சர்லாந்திலும் இங்கிலாந்திலும் சிதறிய மக்கள், விட்டுவந்த ஊரைப் பற்றிப் பேச ஓரிடம் வேண்டினர். அப்பேச்சுக்குப் பெருந்தளத்தின் பொதுவோடை இடங்கொடாது. கள விதிகளும், அவற்றைக் காக்கும் மட்டுறுத்துநரும் அங்கு உளர். ஆண்டு நிறைவுதோறும் உறுப்பினர் தம் சொந்தப் படைப்புகளை எழுதும் வழக்கமும் உண்டு. அது பூசலற்ற இடம் என்று யாரும் கூறார். பூசலுக்குப் பின்னும் மக்கள் தங்கியிருப்பதே ஓர் அவை அவையாக உளது என்பதற்கு அடையாளம்.

2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய ‘தமிழ்மணம்’ திரட்டியும் ஒரு காலத்தில் இத்தகைய ஊக்கத்தை அளித்தது. தனியொருவர் முயற்சியாய்த் தோன்றிப் பின்னர் இலாப நோக்கமற்ற அமைப்பொன்றால் நடத்தப்பட்ட அதனைச் சூழ்ந்தே ‘பதிவர்’, ‘இடுகை’, ‘பின்னூட்டம்’ முதலிய சொற்கள் பரவி நிலைபெற்றன. எழுதியோர் முகநூலுக்குப் பெயர்ந்த பின் திரட்டுதற்குப் பொருள் குறைந்து அது நின்றது. கலைச்சொல் வளர்ச்சியை ஆராய்வோர் அரசுக் குழுக்களின் பட்டியல்களையே புரட்டிக்கொண்டிருத்தல் ஏன் என்பது எமக்கு விளங்கவில்லை. வாழும் சொற்களுட் பல, ஊதியமின்றி எழுதியோரின் அவையிலே பிறந்துள்ளன.

இனி நம் துறையின் கடமைக்கு வருவோம். உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887-இல் பதிப்பித்த காலத்தில், ஏடுகள் செல்லரித்தும் ஆற்றில் விடப்பட்டும் அழிந்துகொண்டிருந்தன. எனினும் ஒரு பரணில் அழிந்தது வேறொரு பரணில் எஞ்சியிருத்தல் கூடும். அதனாலேயே அவர் ஊர் ஊராய் நடந்தார். சமூகத் தளத்தில் எழுதப்பட்டதற்கு வேறு பரண் இல்லை. 2009-இல் ‘ஜியோசிட்டீஸ்’ மூடப்பட்டபோது தன்னார்வலர் சிலர் இயன்றவற்றைப் படியெடுத்தமையால் ஒரு பகுதி தப்பியது. தமிழரின் தொடக்ககாலப் பக்கங்களும் அங்கு இருந்தன. ஆர்க்குட் மூடப்பட்டபோது பொதுக்குழுக்களின் உரையாடல்களைச் சிறிது காலம் காட்சிக்கு வைத்துப் பின்னர் அவற்றையும் அகற்றினர்.

நூல்களைப் பொறுத்தவரை 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், ஈழத்து எழுத்துகளைப் பொறுத்தவரை 2005 முதல் இயங்கும் நூலகத் திட்டமும் செய்துள்ள பணி பெரிது. அவை இரண்டும் பெரும்பாலும் அச்சேறியவற்றைத் தொகுத்தன. அச்சேறாமலே தோன்றி மறையும் எழுத்துக்கு அத்தகைய முயற்சி இன்னும் தேவைப்படுகின்றது. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் இதனை மேற்கொள்ளலாம். பெருந்தளங்களின் முழுமையையும் சேமித்தல் நம் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது, தேவையுமன்று. ஒவ்வொரு முனைவர் பட்ட மாணவரும் தம் ஊரிலிருந்து ஒரு குழுவை, உறுப்பினரின் இசைவு பெற்று, ஓராண்டுக் காலம் பதிவு செய்தால் போதும். பெயர்களை நீக்குதல் வேண்டும். தொலைபேசி எண்களை நீக்குதல் வேண்டும். இறப்பு, நோய், கடன் பற்றிய செய்திகளை எவ்வளவு வைப்பது என்பதைப் பேசியவரிடமே கேட்டுத் தெளிதல் வேண்டும். குரற்செய்திகளுக்கு எழுத்துப்பெயர்ப்புச் செய்யுமிடத்து வட்டார ஒலியைத் திருத்தாமல் எழுதும் முறை ஒன்றை மொழியியலார் வகுத்துத் தருதல் வேண்டும். உத்திரமேரூர், வாலாசாபாத்து, மதுராந்தகம் பகுதிகளின் வழக்கு ஆற்றுக்கு ஆறு எங்கே வேறுபடுகின்றது என்பதை அப்பதிவுகள் காட்டக்கூடும். முதற்கட்டமாக ஏரிப் பாசனம் பற்றிய குழுக்களை எடுத்துக்கொள்ளலாம். மதகு, கலங்கல், கடைவாசல் எனச் சொல்வளமும் அங்கு மிகுதி. பேசுவோர்க்கு வேலையும் அங்கு உண்டு.